தென்கடள்

மண்டபம் முகாம், மாடி அறை.
வடக்கு ஜன்னலில் ஒரு கடல்,
குளியலறைச் சாளரத்தில் இன்னொன்று.
நடுவில் நான்,
மடியில் சூடேறும் கணினி.

மூன்றாம் கலத்தில் சிவப்பாக வந்து நிற்கிறது:
அப்படியொரு தொகுப்பு இல்லை.

இல்லையா?
நேற்று ராத்திரி, கரண்ட் போவதற்குள்,
என் கையால் நிறுவினேன்.
முனையத்தைக் கேட்டால் இருக்கிறது என்கிறது,
நோட்புக்கைக் கேட்டால் இல்லை என்கிறது,
ஒரே அடுப்படியில்
முகம் பார்க்காத ஓரகத்திகள் மாதிரி.

பாசி மிதவைகளின் எடை, ஒரு வருடக் கணக்கு.
அதற்கென்று இரண்டு மெய்நிகர் சூழல் கட்டினேன்:
வடகடல், தென்கடல்.
ஒன்றுக்குப் பழைய பதிப்பு, மற்றதற்குப் புதியது.
ஒன்றின் உப்பு மற்றதில் கலக்கக் கூடாதென்று.
கலக்கவில்லை, சரி.
கண்ணிலும் படவில்லை.

பாம்பன் ஜெர்சியா போனில் இருந்தாள்,
மீன்துறையில் டோக்கன் எழுதுகிறவள்.
நான் புலம்பியது பாதிகூட அவளுக்குப் புரியாது.
"படகு இருந்தாப் போதுமா, நம்பர் ஏறணும்ல?
ஏறலேன்னா எங்க கணக்குல அது விறகு"
என்றாள், யாரையோ திட்டிக்கொண்டே.

விறகு.

சூழலுக்குள் இறங்கி
ஐபைகெர்னலை நிறுவி
ஒரே ஒரு வரி அடித்தேன்:
இது இன்ன பெயர், இன்ன பாதையில் கிடக்கிறது,
கேட்பவருக்குக் காட்டு.
எழுதப்பட்டது சின்னக் கோப்பு.
திறந்து பார்த்தால் உள்ளே
முகவரியைத் தவிர அதிகம் இல்லை.

பக்கத்தைப் புதுப்பித்தேன்.
கெர்னல் பட்டியலில், பைத்தான் மூன்றுக்குக் கீழே
வந்திருந்தது, என் அவசரத்தோடு:
தென்கடள்.
இருக்கட்டும். டோக்கனில்
தன் பெயர் சரியாக உள்ள படகுக்காரர்
இந்தக் கரையில் எத்தனை பேர்?

தேர்ந்தெடுத்தேன், ஓட்டினேன்.
அடைப்புக்குள் நட்சத்திரம்
நின்றது, நின்றது, எண்ணானது.
கலம் என்று இதற்குப் பெயர் வைத்தவருக்கு
கடல் தெரிந்திருக்க வேண்டும்.

வரைபடம் மெதுவாக விரிகிறது.
மிதவை பதினேழு, செபஸ்தியம்மாளுடையது,
வைகாசிவரை ஏறி
ஆடியில் பூஜ்யம்.
பிழையென்று அழிக்கப் போனவள்
கையை எடுத்துக்கொண்டேன்.
கச்சான் அடித்த மாதம்.
மூங்கிலை அவிழ்த்து மினி லாரியில் ஏற்றி
அவள் வடகரைக்குப் போயிருப்பாள்.

அந்த எடைகள் மற்ற சூழலில் இருக்கின்றன.
அதற்கு இன்னும் பதிவு போடவில்லை.
தண்ணீர் குடித்துவிட்டு வந்து
எழுத்துக்கூட்டி அடிக்கிறேன்:
வ, ட, க, ட,