அரைப்புள்ளி

எஃப் ஹெச் ஐ யூ எஃப்
அரைப்புள்ளி
எஃப் பி.
இதுதான் காரைக்குடி.
யாரோ பழைய எழுத்துருவில் அடித்துவைத்த பேரேட்டை
ஸ்கிரீன் ரீடர் இப்படித்தான் வாசிக்கிறது.

ஆர் டி யூ பி கே ஜே அரைப்புள்ளி ஜே என்றால்
சவரிமுத்து. நான்.
சம்பளப் பட்டியலில் என்னைக் கண்டுபிடிக்க
எனக்கே மூன்று மாதமானது.

மெய்யெழுத்தின் தலையில்
நீங்கள் ஒரு புள்ளியைப் பார்க்கிறீர்கள்.
எனக்கு அது பாதிதான் வந்து சேர்கிறது.

சென்னையிலிருந்து ஒருவர் போனில் பேசினார்.
நல்ல குரல்,
அவர் விற்கும் குரலைவிட நல்ல குரல்.
தொண்ணூற்று நாலாயிரத்து ஐந்நூறு சார்.
தமிழ் தனி.
புதுப் பதிப்பு வந்தால் அதுவும் தனி.
வாங்கும்வரை சும்மா ஓட்டிப் பாருங்க,
ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷம்,
அப்புறம் கணினியை அணைச்சுப் போடணும்.

எனக்கு வேலை கல்லுக்கட்டிப் பக்கம் ஓர் அடகுக்கடையில்.
நூற்றுக்கு ஒன்றரை வட்டி.
அவர் சொன்ன தொகைக்கு மாதம்
ஆயிரத்து நானூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது காசு.
இதை எந்தக் குரலும் எனக்கு வாசிக்க வேண்டாம்.
சம்பளம் பதினோராயிரம்.
எதை வைப்பது?
அமலோற்பவத்தின் செயின் ஏற்கெனவே இதே பெட்டியில் இருக்கிறது,
சீட்டுப் போட்டதும் நான்தான்.

முதலாளி சாத்தப்பனிடம் கேட்டேன்.
கெட்டவர் இல்லை,
கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கித் தருகிறவர்.
"பாப்பம்ப்பா" என்றார்.
அடுத்த மாதம் கடைக்கு எட்டுக் கேமரா வந்தது.
எண்பத்தாறாயிரம்.
அந்தப் பில்லையும் நான்தான் பதிந்தேன்.
கடைக்கு எட்டுக் கண்.
நான் கேட்டது ஒரே ஒரு வாய்.

இலவசமாகவும் ஒன்று உண்டு.
என்னைப் போன்றவர்களே சேர்ந்து செய்தது,
கையெடுத்துக் கும்பிடுகிறேன்.
ஆனால் எங்கள் கடைக் கணக்கு மென்பொருளைத் திறந்தால்
பட்டன், பட்டன், பட்டன் என்கிறது,
சட்டை தைக்கிறவன் எடுபிடியிடம் கேட்கிற மாதிரி.
எந்தப் பட்டனுக்கும் பெயர் வைக்கவில்லை செய்தவர்கள்.
அதன் தமிழ்க் குரல்
குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறது.
வட்டியை வாட்டி என்கிறது.
(திருத்தச் சொல்லி நான் எழுதவில்லை.)

ஆகவே நாற்பது நாற்பதாகக் கடை நடக்கிறது.

சனிக்கிழமை உமையாள் வந்தார்,
இரண்டு வளையலை மீட்க.
வரிசையில் அவர் முறை வரும்போது
முப்பத்தொன்பதாவது நிமிடம்.
நாற்பத்தேழாயிரத்து முந்நூற்றுப்
என்று சொல்லி
நின்றுவிட்டது.

எங்கள் கிழட்டுக் கணினி எழுந்து வர ஆறு நிமிடம் ஆகும்.
மின்விசிறி.
வந்த பஸ் டிக்கெட்டை அவர் சுருட்டிச் சுருட்டிப் பிரிக்கும் சத்தம்.
கானாடுகாத்தான் பஸ் ஐந்தே காலுக்கு.
"பன்னெண்டு" என்றார்.
"முந்நூத்திப் பன்னெண்டு, தம்பி.
தினம் எண்ணிக்கிட்டுத்தானே கெடக்கேன்."

விரலால் எண்ணி வாங்கினேன்.
வளையல்களை எடுத்துக் கொடுத்தேன்.
போகும்போதே போட்டுக்கொண்டார்,
படி இறங்கும்வரை கேட்டது.

குரல் எழுந்து வந்து
மீதியைச் சொன்னது:
பதினான்கு.

என் சட்டைப் பையில் இரண்டு ரூபாய் நாணயம் இருந்தது.
கல்லாவை இழுத்து
உள்ளே போட்டேன்.
ணங்கென்றது.

எட்டுக் கண்ணும் பார்த்திருக்கும்,
ஆள் இல்லாத நேரத்தில்
கல்லாவைத் திறக்கும் ஒரு கையை.
திங்கட்கிழமை முதலாளி ஓட்டிப் பார்ப்பார்.

கேமரா மாட்ட வந்த பையனிடம்
அன்றைக்கே கேட்டிருந்தேன்,
சத்தமும் பதிவாகுமா என்று.
படம் மட்டும்தாண்ணே, என்றான்.
சத்தம் வேணும்னா
அது தனி.