மூன்று சென்ரிமீற்றர்

நாலாயிரம் மீற்றர் ஆழத்தில்
வெளிச்சம் அறியாத சேற்றில் ஒரு கருவி
தன் தலைக்கு மேல் நிற்கும் முழுக்கடலையும்
நிறுத்துக்கொண்டிருக்கிறது.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
மிதவைக்குச் சொல்லும். மிதவை செய்மதிக்கு.
செய்மதி, யாழ்ப்பாணக் கச்சேரியின் பின்கட்டில்
தேத்தண்ணி ஆறிப்போன என் மேசைக்கு.

இரண்டேகாலுக்கு அது
பதினைந்து செக்கனுக்கு ஒருமுறை பேசத் தொடங்கியது.

முதலில் வந்தது நடுக்கம். அது தண்ணீரல்ல,
கருவி இருந்த தரையே உதறியது.
கோடு பேய் பிடித்த மாதிரி மேலும் கீழும்.
கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு
பார்த்திருந்தேன்.
கோடு களைத்த பிறகு
மெல்ல ஒரு மேடு.
மூன்று சென்ரிமீற்றர்.
கட்டைவிரலின் முதற்கணு.

அதை வைத்துக்கொண்டு கணினி பின்னோக்கிப் போனது:
எந்தத் தட்டு, எவ்வளவு நீளம், எத்தனை மீற்றர் வழுக்கியது.
பிறகு முன்னோக்கி:
பருத்தித்துறை, நாலு ஐம்பத்திரண்டு,
அறுபது சென்ரிமீற்றர். கூடிக்குறைய இருபது.
அடுத்த செக்கன்கள் வர வர
ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. மறுபடி அறுபது.

மணற்காட்டில் ஒரே திகதி போட்ட சிலுவைகள் உண்டு.
எங்கள் ஃபிளாவியா மச்சாளுக்கும் அதே திகதி.
அன்றைக்குக் கோடும் இல்லை, எண்ணும் இல்லை.

அல்போன்சு அண்ணர் ஏழாவது மணியில் எடுத்தார்.
"எத்தினை வள்ளம் வெளியிலை?"
"பதினெட்டு."
"வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ. ஆழத்திலையே நிக்கட்டும்."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"பிள்ளை, சுனாமியெண்டுறாய்,
கடலுக்கை நில்லெண்டுறாய்."
"அங்கை அது கட்டைவிரலளவு, அண்ணை.
கரைக்கு வந்துதான் எழும்பும்."
"எவ்வளவு எழும்பும்?"
"முதல் சனத்தை ஏத்துங்கோ."

ஏற்றினார்கள். பாயும் தலையணையுமாக
மாதா கோயில் மேட்டுக்கு.

நாலு ஐம்பத்தாறு.
நாலு நிமிடம் பிந்தி வந்தது,
துறைச் சுவரில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே ஏறி
ஒரு பிளாஸ்ரிக் கதிரையை எடுத்துக்கொண்டு இறங்கியது.
நாற்பத்தொன்பது.

விடிய அண்ணர் அழைத்தபோது
நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.
"இறங்குதுறையிலை கிடந்த சூடை வலை ரெண்டும் போட்டுது.
முழங்காலெண்டால் முழங்காலெண்டு
முதலே சொல்லக்கூடாதே?
தூக்கி மேலை எறிஞ்சிருப்பம்."

சொன்னேன்தானே என்று வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
அறுபதென்றால் சிரித்துவிட்டுப் படுத்துவிடுவார்களென்று
அந்த எண்ணை என் மேசையிலேயே வைத்திருந்தேன்,
ஆறின தேத்தண்ணிக்குப் பக்கத்தில்.

பதிவேட்டில் எழுதினேன்:
எதிர்வு அறுபது. வந்தது நாற்பத்தொன்பது.
உயிர்ச்சேதம் இல்லை.
வலைக்குப் படிவத்தில் இடமில்லை,
ஓரத்தில் பேனையால் போட்டேன்: சூடை வலை, இரண்டு.

திரையில் கோடு படுத்திருந்தது.
அடுத்த சொல்லுக்கு
இன்னும் பதினொரு நிமிடம்.