ஐப்பசிக்கு முன்

ஏலப் பட்டியலின் பின்பக்கத்தில் வரைகிறேன்.
டஸ்ட் ரகத்தின் விலைகள்
இந்தப் பக்கம் லேசாக ஊறித் தெரிகின்றன.
ஐந்து கட்டம் போட்டிருந்தேன்.
முதலாளி மூன்றுக்குத்தான் காசு என்றார்.
"மெயில்தானே சகாயராணி,
ஒரு பெட்டி போதாதா?"

போதும் சார்.
ஒரே ஆள் வாசலில் நின்று வாங்கி,
யாருக்கென்று பிரித்து, அடுக்கி,
கேட்பவருக்கு எடுத்தும் கொடுத்தால்
வியாழக்கிழமை ஏலம் நடக்கையில்
எந்தக் கையால் மூக்கைத் துடைப்பான்?

சிரித்தார்.
மூன்று மூன்றாகவே இருந்தது.

வாசல்காரனை மலையேற்ற வேண்டாம்,
மேட்டுப்பாளையம் கிடங்கிலேயே நிற்கட்டும்.
கல்லாறில் பஸ்ஸை நிறுத்தி
பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்குவார்களே, அந்த வேலை.
பார்சல் காத்திருக்கிறது, இங்கே அழுத்தவும் என்கிறவை
அடிவாரத்தோடு இறங்கிக்கொள்ளட்டும்.
அவனிடம் முழுப் பட்டியல் தரக் கூடாது.
இந்தப் பெயர் உண்டா, இல்லையா,
அவ்வளவுதான் தெரியலாம்.
வாசலில் நிற்பவனிடம் பீரோ சாவி எதற்கு?

பிரிப்பவன், அடுக்குபவன், எடுத்துக் கொடுப்பவன்
மூவரையும் ஒரே உடம்பில் ஏற்றினேன்
மெமரி மட்டும் இரட்டிப்பாகக் கேட்டு.
இடம் குன்னூர், மாடி,
தேநீர் ருசி பார்க்கும் அறைக்கு அடுத்தது.

ஏசி எதற்கு, ஜன்னலைத் திறந்தால் போதுமே என்றார்
கணக்கர் பெள்ளிராஜ்.
ஜன்னலைத் திறந்தால் மேகம் வரும்.
போன வருஷத்து சுவிட்சைக் கழற்றி
உள்ளே பச்சையாய்ப் பூத்திருந்ததைக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.
ஈரம் உறிஞ்சும் பொட்டலம் அரைக் கிலோவுக்குக்
கையெழுத்துப் போட்டார். ஏசிக்குப் போடவில்லை.

நூற்றுப் பதினொரு பேர்.
தரகர்களுக்கு எட்டு ஜிபி, மற்றவர்களுக்கு இரண்டு.
முதலாளிக்கு அளவே கிடையாது:
பதினாறு வருஷமாக எதையும் அழிக்காதவர்,
தீபாவளி வாழ்த்து உட்பட.

மூன்றாவதில் நகல்.
எங்கே வைப்பதென்பதில்தான் நாலு நாள் போயிற்று.
கீழ்த்தளம் என்றார்கள். அதே கூரை.
எதிர்க் கட்டிடம். அதே டிரான்ஸ்பார்மர்.
பர்லியார் குடோன். அதே ரோடு,
மண் இறங்கினால் கேபிளையும் கூட்டிக்கொண்டு போகும்.

சரிவுகளின் வரைபடத்தை மேஜையில் விரித்தேன்.
சிவப்பு, மஞ்சள், பச்சை.
எங்கள் வீடு சிவப்பில் இருந்தது.
விரலை நகர்த்திக்கொண்டேன்.

கோத்தகிரிக் கிளை.
வேறு மலைப்பாதை, வேறு மண்,
பெரும்பாலும் வேறு மழை.

சரி, நடுவில் கம்பி அறுந்தால்?
அவன் செத்தான் என்பான் இவன்,
இவன் செத்தான் என்பான் அவன்,
நானே அசலென்று இருவரும் கடிதம் வாங்கத் தொடங்குவார்கள்.
பிறகு அதை ஒட்டவே முடியாது.
அதனால் ஒரு சாட்சி வேண்டும்.
சாட்சியிடம் ஒரு கடிதமும் இருக்காது.
யாருக்கு மூச்சிருக்கிறது என்று
காது கொடுத்துக்கொண்டிருக்கும், அவ்வளவே.
அதற்குப் புதுப் பெட்டி வேண்டாம் சார்,
மேட்டுப்பாளையத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த
பழைய கம்ப்யூட்டர் போதும்.

காசு கேட்காத சாட்சி என்றதும்
உடனே ஒப்புக்கொண்டார்.

மூன்று பெட்டியும் கோயம்புத்தூரில் நிற்கின்றன,
வரி ரசீதில் ஏதோ எண் தவறாம்.
மழை ஏறிவிட்டது.
தெருவிளக்கடியில் காட்டெருமை ஒன்று
நனைந்த லாரி போல நிற்கிறது.
கரண்ட் போனது, வந்தது, போனது.

ஒன்பதே முக்காலுக்கு
உபதலையிலிருந்து தங்கை அமலி
ஒரு ரிங் விட்டு வைத்தாள்.
நானும் ஒரு ரிங் விட்டு வைத்தேன்.
மழைக்கால ராத்திரிகளில் இது எங்களுக்குள் ஏற்பாடு.
யாரும் எடுக்கக் கூடாது.
எடுத்தால்தான் ஏதோ ஆகிவிட்டதென்று அர்த்தம்.