பல்வலியோடு பெயோலுவில்

மருந்துக்கடை இரண்டாவது திருப்பத்தில் என்றார்கள்.
இரண்டாவது திருப்பத்தில் இரும்புத் தடுப்பு.
அதற்கு அப்பால் சிவப்புக் கம்பளம்,
மழையில் ஊறி, ஓரங்கள் கறுத்து.

யார் வருகிறார்?
பக்கத்தில் நின்றவள் ஒரு பெயர் சொன்னாள்.
இஸ்தான்புல்லில் எந்தப் பெயரும் எனக்குத்
தெருப் பெயராகவே கேட்கிறது.
தெரியாதா, என்றாள்,
நாலு வருஷமாகத் தொடர் நாடகத்தில்
சுடப்பட்டும் சாகாமல் இருக்கிறாரே.

கார் நின்றது.
கூட்டம் என்னைத் தூக்கி முன்வரிசையில் வைத்தது.
வீங்கிய கன்னத்தோடு நானும் கத்தினேன்
பாதிப் பெயரை.

அப்போதுதான் தடுப்பை இடுப்பால் தள்ளிக்கொண்டு
நெஜ்தெத் வந்தான்
(பெயர், காவலர் திட்டியபோது தெரிந்தது).
தோளில் புத்தம் புதுக் கழிப்பறைக் கோப்பை.
மூன்றாம் மாடியில் தண்ணீர் கொட்டுகிறது,
வாசல் இந்தப் பக்கம்தான்,
நான் என்ன செய்ய என்று
ஒற்றைக் கையால் காட்டினான்.
மெதுவாகவே நடந்தான். பீங்கான் அல்லவா.
அத்தனை காமிரா வெளிச்சமும் அதன் வழவழப்பில்.
நட்சத்திரம் ஒதுங்கி நின்று
கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

மருந்துக்கடை பூட்டிக் கிடந்தது.
அரைமணி கழித்துச் சாவியோடு ஓடி வந்தாள்,
அதே பெண். மழைக்கோட்டுக்குள் வெள்ளை அங்கி.
கிராம்புத் தைலம் எடுக்கையில்
குப்பிகள் ஒன்றோடொன்று இடித்தன.
அந்தக் கையைப் பார்த்தீர்களா, என்றாள்,
கதவைப் பிடித்த கை.

நான் பார்த்தது கோப்பையை.
பார்த்தேன் என்றேன்.
காசு வாங்க மறந்துவிட்டாள்;
நானும் நினைவூட்டவில்லை.