பலகைக்கு நாற்பது சொல்

நாற்பது சொல்லுக்குள் முடிக்கச் சொல்கிறது கடிதம்.
நாலடிக்கு மூன்றடித் தகரம்.
எழுதும் ஜமால்தீனுக்கு எழுத்துக் கணக்கில் கூலி;
புள்ளிக்குக் காசு வேண்டாம் என்று அவராகவே தள்ளிவிட்டார்.

முதலில் 'வீரம்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'வெற்றி' என்று எழுதினேன். யாருடையது?
இந்தப் பக்கம் கும்பினியிடம் சம்பளம் வாங்கியவன்,
அந்தப் பக்கம் மைசூரில் சம்பளம் பாக்கி உள்ளவன்,
இரண்டு பக்கமும் பொதி சுமந்தது
எவன் பட்டியிலிருந்தோ ஓட்டிப்போன காளை.

கருக்கங்காட்டுப்புதூரின் இந்தக் கொறங்காட்டை
யாரும் உழுததில்லை.
கொழுக்கட்டைப் புல், வெள்வேல்,
கிளுவை வேலிக்குள் அடைத்த செம்மறி.
இருநூற்றுச் சொச்சம் வருசம் இங்கே எதுவும் நடக்கவில்லை.
அதனால்தான் நடந்தது அப்படியே கிடந்தது
ஒரு சாண் ஆழத்தில்.

கருவியைத் தரையோடு தடவிக்கொண்டே நடந்தோம்.
அது முனகிய இடமெல்லாம் ஒரு சிவப்புக் கொடி.
முதல் வாரம் லாட ஆணி, பீர் மூடி, டிராக்டர் நட்டு.
அப்புறம் ஈயக்குண்டு, கொட்டைப்பாக்கு அளவில்,
முந்நூற்றுப் பன்னிரண்டு.
கொடிகளில் ஒன்பதைச் செம்மறி தின்றுவிட்டது.
"துணிதானுங்க, ஒண்ணும் ஆகாதுங்" என்றாள் மேய்க்கும் வேலாத்தாள்,
ஆட்டுக்கா, எனக்கா என்று சொல்லவில்லை.

நசுங்கிய குண்டு எதன் மீதோ பட்டது.
உருண்டையாய் இருப்பது சுடாதது, கை நடுங்கித் தவறியது.
வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.
உள்ளங்கையில் வைத்து மூடச் சொல்வேன்.
அந்தக் கனத்துக்கு
ஒரு நொடி பஸ் முழுக்க வாயடைத்துப்போகும்.

வடகிழக்கு மூலையில் பதினாலு உருண்டைகள்.
ஆறடிக்கு ஒன்று, எட்டடிக்கு ஒன்று, ஒரே வரிசையில்,
சண்டைக்கு முதுகு காட்டிப் போகின்றன.
பை கிழிந்திருக்கிறது.
ஓடியிருக்கிறான்.

"ஓடினவனைப் பலகையில் போடாதீங்க,
ஊருக்கு அழகில்லை" என்றார் அதிகாரி.
எந்த ஊருக்கு என்று கேட்க நினைத்தேன்.
அவன் ஊர் எனக்கும் தெரியாது.

பதினாலாவதோடு கொறங்காடு முடிகிறது.
அதற்கப்பால் செல்வநாயகி கார்டன்,
மகள் கல்யாணத்துக்குச் சென்னியப்பன் விற்ற ஒன்றரை ஏக்கர்.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
நானும் தவணையில் சைட் தேடுகிறவள்தான்.

ஒரு பையன் கேட்டான்,
"அவரு தப்பிச்சுட்டாருங்களா மிஸ்?"
யார் ஜெயித்தது என்று கேட்பார்கள், பதில் வைத்திருக்கிறேன்.
இதற்கு இல்லை.
"சைட் நம்பர் இருபத்திரண்டு வரைக்கும் உயிரோட இருந்தார்" என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவன் கம்பி வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
இருபத்திரண்டிலிருந்து ஆள் வந்தார்.
சுடலைமுத்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்,
தெற்கத்திப் பேச்சு. கையில் தயிர் டப்பா.
"செப்டிக் டேங்க் தோண்டும்போது கெடச்சுது.
ரெண்டு வருசமா சாமி ரூம்லதான் இருக்கு,
லிங்கம்னுல்லா நெனச்சோம்."

திறந்தேன்.
வெளுத்த ஈயத்தில் மூன்று கோடு விபூதி,
நடுவில் குங்குமம்.
உருண்டை. சுடாதது.
துடைக்க மனம் வரவில்லை, அப்படியே எடை போட்டேன்.

அவர் வீட்டுப் பின்புறம் நாடா பிடித்தோம்.
அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.
துவைக்கிற கல்லுக்கும் மோட்டார் பெட்டிக்கும் நடுவே
பதினைந்தாவது கொடி.
வரிசை அம்பு போல நேராகத்தான் போகிறது.
"இன்னும் ஓடியிருக்காரு" என்றார்,
தன் சொந்தக்காரனைச் சொல்வதுபோல.

சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்து மூன்று.
பூட்டு.
"துபாய்ல இருக்காவ. தைக்கு வருவாவ."

ஜமால்தீனைத் தை வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.
தகரம் வெள்ளைப் பெயின்ட்டோடு
வேலாத்தாளின் பட்டி வாசலில் சாய்ந்து நிற்கிறது.
ஆடுகள் அதில் முதுகு தேய்க்கின்றன.