இல்லை என்பதன் ஆயுள்

பட்டியலில் இருக்கிறது.
தொட்டால் இல்லை.

தௌகவ்பில்ஸ் நகராட்சி, கீழ்த்தளம்.
காலை ஆறே கால். வெளியே மைனஸ் பத்தொன்பது.
பேர்ஸு வீதி பதினேழாம் எண் கட்டடத்தில்
வெந்நீர்க் குழாய் வெடித்து
மூன்றாம் மாடிவரை ஆவி.
எந்த வால்வை மூடுவது என்று
ஒரே ஒரு வரைபடத்துக்குத்தான் தெரியும்.
அது என்னிடம் இருக்கிறது.
என்னிடம் என்றால்,
நான் எழுதிய பொய்யிடம்.

பொய்தான். ஆறு வருஷமாகச் சம்பளம் வாங்கும் பொய்.
அந்த வீதிக்கு மூன்று ஆட்சியில் மூன்று பெயர்.
முதலில் ஒரு தளபதி,
பிறகு ஓர் ஐந்தாண்டுத் திட்டம்,
இப்போது வெறும் பூர்ச்சமரம்.
கோப்புகள் கிடப்பது தளபதியின் பெயரில்.
மக்கள் கேட்பது மரத்தின் பெயரில்.
நடுவே என் நிரல்,
கர்னலுக்குள் நுழைய அனுமதி இல்லாமல்
வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து
வருகிற பாதையை வாங்கி, பெயரை அடித்து,
வேறு பெயர் எழுதி உள்ளே விடும்.
உள்ளிருந்து வருவதையும் திருத்தித் தரும்.
தளபதியின் வீதியில்தான்
இன்னும் நடக்கிறோம் என்று
யாருக்கும் தெரியாது.

யெவ்சேய் மறுபடி அழைத்தான்.
"கிடைச்சுதா? என் பூட்ஸுக்குள்ள தண்ணி."
"இருக்கு. திறக்க மாட்டேங்குது."
"இருந்தா திறக்கணும்ல?"
பதில் சொல்லத் தெரியவில்லை.

போன மாதத்துப் பூச்சியோ என்று முதலில் சந்தேகம்:
சாய்கோடுவரை பார்க்காமல்
முன்னெழுத்துகளை மட்டும் பார்த்து
பேர்ஸுப்பே கிராமம் முழுவதையும்
தளபதிக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததே, அது.
இல்லை, அது செத்துவிட்டது.

பதிவேடு ஓடுகிறது திரையில்.
தேடு. பிழை எண் இரண்டு.
தேடு. பிழை எண் இரண்டு.
ஒவ்வொரு பைட்டாக எண்ணினேன்.
என் விதியில் அந்த ē இரண்டு பைட்.
வந்த பாதையில் மூன்று.
ஆய்வாளர் அன்ஃபீசாவின் புது மடிக்கணினி
எழுத்தைத் தனியாக, தலைக்கோட்டைத் தனியாக
கழற்றி அனுப்புகிறது.
கொம்பு ஒரு சாவி, கால் ஒரு சாவி என்று
தட்டிய 'கொ'வைப் போல:
கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.
மரம் என்று புரியாமல்
என் காவலாள் பாதையைத் திருத்தாமலே விட்டிருக்கிறான்.

பிரிந்த எழுத்துக்கும் ஒரு விதி சேர்த்தேன்.
ஓடிக்கொண்டிருக்கும்போதே படிக்கச் சொன்னேன்
(வரிக்கணக்கு இரவெல்லாம் ஓடுகிறது,
அவிழ்த்துக் கட்ட வழியில்லை).
மறுபடி தொட்டேன்.
இல்லை.

அப்போதுதான் உறைத்தது.
போன வசந்தத்தில், எல்லாரும் மெதுவு மெதுவு என்றபோது
நானே கர்னலுக்குச் சொல்லி வைத்தேன்:
ஒருமுறை 'இல்லை' என்று நான் சொன்னால்
ஒரு மணி நேரம் என்னைக் கேட்காதே.
வேகம் கூடியது. கை தட்டினார்கள்.
இப்போது அது என்னைக் கேட்கவே இல்லை.
என் பழைய 'இல்லை'யை
எனக்கே வாசித்துக் காட்டுகிறது.

டொனாட்ஸ் காப்பியோடு வந்தான்,
என் தோளுக்கு மேலே ஒரு நிமிடம் பார்த்தான்.
"ஏன், நேரா உள்ளே போய்
தளபதி பேர்ல எடுத்துக்கிட்டா என்ன?"

நாற்பது நிமிடம்.
வாசலைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்,
வீட்டுச் சாவி என் பையிலேயே.

தளபதியின் பெயரை முழுசாகத் தட்டினேன்,
பட்டம் உட்பட.
திறந்தது.
"படிக்கட்டுக்கு அடியில், இடப்பக்கம், இரண்டாவது வால்வு.
சிவப்பு இல்லை. அதற்குப் பின்னால் இருப்பது."
தொலைபேசியில் இரும்பு கிறீச்சிட்டது,
பிறகு நீர்ச்சத்தம் மெலிந்தது.

மதியம் நிதானமாகத் திருத்தினேன்.
ஒப்பிடும் முன் எழுத்தைச் சேர்த்துக் கட்டு:
இரண்டு வரி.
'இல்லை'யின் ஆயுள்: ஒரு மணியிலிருந்து ஒரு விநாடி.
கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டும்.
மறுபடி மறுபடி என்னையே வந்து கேட்கட்டும்.

நாலு மணிக்கு யெவ்சேய்.
"ரசீதுல எந்த வீதின்னு போடறது?
வால்வு மேல பித்தளைத் தகடு இருக்கு.
அதுல ஐந்தாண்டுத் திட்டம்னு போட்டிருக்கே?"