கூப்பிடு தூரத்து வெளிநாடு

என் கடைக்கு வாசல் கிடையாது.
கெர்லிட்ஸ் நகரில், இரண்டாம் மாடியில்,
மகன் காலி செய்துபோன அறையில்
நாற்பது மேசை விளக்குகள், ஒரு தராசு,
ஒட்டுநாடா, பழைய மடிக்கணினி.
அவ்வளவுதான் கடை.

ஒவ்வொரு விளக்கின் அடியிலும்
சக்கரம் வைத்த குப்பைத்தொட்டி ஒன்று,
அதன்மேல் பெருக்கல் குறி.
இதைத் தொட்டியில் போடாதே என்று பொருள்.
எரியத் தொடங்கும் முன்பே
எங்கே சாகக் கூடாது என்று
எழுதித்தான் அனுப்புகிறேன்.

விற்குமுன் பதிவெண் வாங்க வேண்டும்.
வாங்கினேன். எட்டு இலக்கம்.
விற்றதை எடைபோட்டுச் சொல்ல வேண்டும்.
வெளிச்சத்துக்கு விலை வைத்தவன் நான்;
அவர்கள் கேட்பதோ கிலோ.
சொல்கிறேன், மாதாமாதம்.
ஒன்றும் விற்காத மாதத்தில்
ஒன்றும் விற்கவில்லை என்பதையும்
சொல்லியாக வேண்டும்.
முதன்முதலில் அந்தக் கட்டத்தில் பூச்சியம் போட்டபோது
கை கூசியது.
இப்போது பழகிவிட்டது.

ஜன்னலைத் திறந்தால் நைசே ஆறு.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் போலந்து.
கூப்பிடு தூரம்.
அங்கே ஒருவர் தும்மினால்
இங்கிருந்து நூறாயுசு சொல்லலாம்.
நடைபாலம் ஏறி இறங்க ஏழு நிமிடம்,
எதிர்க்காற்று என்றால் எட்டு.

அங்கிருந்து வந்தது ஓர் ஆர்டர்:
போகுமீவா ஸ்ரோக்கா.
பச்சைக் கண்ணாடி விளக்கு, ஒன்று.

அன்றிரவு முழுக்க விதிகளைப் படித்தேன்.
போலந்தில் விற்கப் போலந்தில் தனிப் பதிவு.
எனக்காகக் கையெழுத்துப் போட
அங்கே ஒரு பிரதிநிதி.
அவருக்கு ஆண்டுக் கட்டணம்,
பதினோரு விளக்கு விற்றால் கட்டலாம்.
ஒரே ஒரு விளக்குக்கு
‘மன்னியுங்கள், தங்கள் நாட்டுக்கு அனுப்ப இயலாது’ என்று எழுதினேன்,
அவர் தெருவை
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே.

சனிக்கிழமை அழைப்புமணி.
நனைந்த மழைக்கோட்டு, மாடியேறிய மூச்சிரைப்பு,
கையில் ரொட்டிக்கடைப் பை.
“நீங்கள் அனுப்பக் கூடாது, சரி.
நான் வரலாம்தானே?”
அதற்கு எந்தப் பிரிவிலும் தடையில்லை.

காசை எண்ணி வைத்தார்.
பிறகு பையிலிருந்து எடுத்தார் பழைய விளக்கை:
ஒடிந்த கழுத்து,
வயரில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி.
“புதியதைக் கொடுத்தால் பழையதை வாங்கிக்கொள்வோம்
என்று கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள்.”
போட்டிருந்தேன்தான்.
கடைசி வரிவரை படிப்பவர் உண்டென்று
எனக்குத் தெரியாது.

போகுமுன் ஜன்னலருகே வந்து விரல் நீட்டினார்:
“அதோ, சைக்கிள் தொங்கும் பால்கனிக்கு மேலே.”

தராசில் வைத்தேன். அறுநூற்று நாற்பது கிராம்.
எங்கோ விற்று எவரோ கணக்கெழுதிய எடை
என் முள்ளை அசைத்துக்கொண்டு நின்றது.
படிவத்தில் கட்டம் தேடினேன்.
பாலத்தில் நடந்து வந்த குப்பைக்குக் கட்டம் இல்லை.
திங்களன்று நகராட்சிக் கிடங்குக்குக் கொண்டுபோனேன்.
எந்த நாட்டு விளக்கு என்று
அங்கிருந்தவர் கேட்கவில்லை.
“பல்பைக் கழற்றியாச்சா?” என்றார்.
கழற்றவில்லை.
இரண்டு பேரும் சேர்ந்து கழற்றினோம்.

மாதக் கடைசி.
உள்நாட்டில் விற்றவை: பதினேழு கிலோ.
வெளிநாடு சென்றவை: பூச்சியம்.
பொய்யில்லை. என் கை அனுப்பவில்லை.

சமர்ப்பித்துவிட்டு நிமிர்ந்தேன்.
அக்கரையில், சைக்கிளுக்கு மேலே,
பச்சையாக எரிந்துகொண்டிருந்தது
என் பூச்சியம்.